ஐந்தாவது ஏன்

வெஸ்ட்ரோவா கம்பெனியில் எதுவும் கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கட்டாயமில்லை. வராதவரிடம் திங்கட்கிழமை காலையில் உடம்புக்கு என்ன என்று அக்கறையோடு விசாரிப்பார்கள். செவ்வாய்க்கிழமையும் விசாரிப்பார்கள். ஊக்கத்தொகை போடும் மாதத்தில் மட்டும் விசாரிப்பதை நிறுத்திவிடுவார்கள். ரத்ததானம் கட்டாயமில்லை. யோகா தினத்தன்று யோகா கட்டாயமில்லை; விரித்துவைத்த பாயில் நம் பெயர் எழுதியிருக்கும், அவ்வளவுதான். ஒரகடத்தில் கார் ஹாரன் செய்து பிழைக்கும் ஒரு தொழிற்சாலை இவ்வளவு சுதந்திரத்தை எப்படித் தாங்குகிறது என்று வெளியாட்கள் வியப்பதுண்டு.

எனவே ஊழியர் பங்கு வாங்கும் திட்டமும் முழுக்க முழுக்க விருப்பத்தின் பேரில்தான் என்று அறிவித்தபோது, நான்காவது லைனில் நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பெருமூச்சு விட்டார்கள். கட்டாயம் என்றாலாவது லேபர் ஆபீசில் ஒரு மனு போடலாம். விருப்பம் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

அறிவிப்பு விழா கேண்டீனில் நடந்தது. சாம்பார் அண்டாக்களை ஓரங்கட்டி, 'நேற்று தொழிலாளி, இன்று உரிமையாளர்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். முதலில், குளிர் நாடு ஒன்றில் இருக்கும் தாய்க் கம்பெனியின் தலைவர் திரையில் தோன்றினார். அவருக்குத் தமிழில் குரல் கொடுத்தவர், தீயணைப்புப் பயிற்சி வீடியோவுக்கும் குரல் கொடுத்தவர். ஆகையால் தலைவர் "அன்பு நண்பர்களே" என்று ஆரம்பித்ததும் பாதிப் பேர் எழுந்து வெளியேறும் வழியைப் பார்த்தார்கள். செக்யூரிட்டி கையமர்த்தி உட்காரவைத்தார்.

பிறகு மனிதவளத் துறைத் தலைவி சந்திரலேகா மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை வருஷம் நீங்க கம்பெனிக்காக உழைச்சீங்க. இனிமே..." என்று சொல்லி ஒரு கணம் கூரையைப் பார்த்தார். "இனிமேலும் நீங்கதான் உழைப்பீங்க. ஆனா உரிமையாளரா உழைப்பீங்க. ஒரு உரிமையாளர் எப்படி இருப்பார்? லேட்டா வர மாட்டார். ஓ.டி.க்குக் காசு கேக்க மாட்டார். சொந்தக் கம்பெனிகிட்டயே யாராவது சம்பள உயர்வு கேப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

திட்டம் எளிமையானது. மாதம் மூவாயிரம் ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்கள். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் அந்தப் பணத்துக்குத் தாய்க் கம்பெனியின் பங்குகளை வாங்கித் தருவார்கள். ஐந்து பங்கு வாங்கினால் ஒன்று இலவசம். ஒரு பங்கின் விலை பதினோராயிரத்துச் சொச்சம் என்பதால் ஒரு வருடப் பிடித்தத்தில் மூன்று வரும். மிச்சத்தை நிர்வாகச் செலவு என்று அழைப்பார்கள். அடுத்த வருடம் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்று வருடத்துக்கு விற்க முடியாது.

"விலை எறங்கிட்டா மேடம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நல்ல குடும்பத்துல சுகத்துல மட்டுமா பங்கெடுப்பாங்க?" என்றார் சந்திரலேகா. கைதட்டினார்கள். முதலில் தட்டியவர்களின் சட்டையில் மேனேஜர் பேட்ஜ் இருந்தது.

அப்போதுதான் இசக்கிபாண்டி எழுந்தான்.

வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளை. வயது இருபத்தொன்பது. ஆறு வருடமாக நான்காவது லைனின் கடைசிச் சோதனைக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம் ஹாரனை அமுக்கி, சத்தம் சரியாக இருந்தால் செக் ஷீட்டில் டிக் அடிப்பது அவன் வேலை. நிரந்தரமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. பென்னலூரில் ஓர் அறையில் எட்டு பேரோடு தங்கியிருந்தான். அறை என்பது பேச்சுவழக்கு. அவன் வாடகை கொடுத்தது ஒரு இரும்புக் கட்டிலின் மேல்தட்டுக்கு. மனைவி சுகப்பிரியாவும் மூன்று வயது மகள் பிரவீனாவும் ஊரில். கல்யாணமாகி நாலு வருடத்தில் மூவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது நூற்றுப் பதினொரு நாள். எண்ணி வைத்திருந்தவள் சுகப்பிரியா. பிரவீனாவைப் பொறுத்தவரை அப்பா என்பது ஒரு போன். போனைச் சார்ஜில் போட்டால், "அப்பா சாப்புடுது" என்று சத்தம் போடாமல் நகர்ந்து உட்காருவாள்.

இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. பென்னலூரிலேயே ஞானம்மா என்பவரின் வீட்டுப் பின்பகுதி காலியாயிற்று. ஒரு அறை, ஒரு சமையல் மேடை, கதவு முழுசாக மூடும் ஒரு கழிவறை. அட்வான்ஸுக்கு அவன் இரண்டு வருடமாகச் சேர்த்திருந்தான். மாத வாடகைக்கும் கட்டில் வாடகைக்கும் வித்தியாசம் சரியாக மூவாயிரம் ரூபாய். பல்லைக் கடித்தால் சமாளிக்கலாம்.

"ஒண்ணாந்தேதி வரைக்கும் பூட்டி வெக்கிறேன் தம்பி" என்று ஞானம்மா சொல்லியிருந்தார். "அதுக்கு மேல முடியாது. ஆள் சப்ளை பண்றவன் ஒருத்தன் பத்து கட்டில் போட கேட்டுக்கினே கீறான். கொயந்த சத்தம் கேட்டா வூடு நல்லாத்தான் இருக்கும். ஆனா பத்து கட்டிலுன்னா பத்து வாடகை. கர்த்தர் மேல பாரத்தப் போட்டு ஒண்ணாந்தேதி வரைக்கும் பொறுக்கறேன்."

இரண்டாம் தேதி காலை வந்து சேரும்படி ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. எனவே பங்குத் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க இசக்கிபாண்டிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து கேட்டான்:

"மேடம், வேண்டாம்னா என்ன செய்யணும்?"

உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த கிரைண்டர்கூட நின்றது.

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் சந்திரலேகா. "உங்க பேரு?"

மூன்று பேர் மூன்று இடங்களிலிருந்து அவன் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் திருமலை பிடித்துக்கொண்டான். அடுத்த கூண்டுக்காரன், உள்ளூர்.

"இன்னா பாண்டி, மொத ஆளா எந்திரிச்சு நிக்கிற? உனுக்கு எங்கனா கழண்டுக்கிச்சா?"

"நீங்க சேந்துட்டீங்களா அண்ணே?"

"சேராம? இந்தா, உன் கூண்டு கீதே, அங்கதான் எங்கப்பன் வேர்க்கடல போட்டுக்கினு இருந்தாரு. மொத்த நெலமும் எங்களுது. எடுத்துக்கினாங்க. இப்ப மாசம் மூவாயிரம் குடுத்தா அதுல மூணு பங்கு தருவாங்களாம். சந்தோசமா சேந்துட்டேன்."

"விளையாடாதீங்க அண்ணே. நெசமாவே ஏன் சேந்தீங்க?"

"வேணும்னு சொல்றதுக்கு கட்ட விரலு போதும் மச்சான். அட்டெண்டன்ஸ் மிசின்ல ரெண்டாவது வாட்டி அமுக்குனா வேல முடிஞ்சுது. வேணான்னு சொல்றதுக்கு எட்டு பக்கம் ஃபாரம். அதுல ஆறாவது பக்கம் இன்னும் பிரிண்டே ஆவல."

மறுநாள் லைன் முகப்பில் பலகை ஒன்று முளைத்தது. தலைப்பு: 'தன்னார்வ நிலவரம்'. இலக்கு: நூறு சதவீதம். நாற்பத்திரண்டு புகைப்படங்கள், நாற்பத்தொன்றின் கீழே பச்சைப் பொட்டு, ஒன்றின் கீழே சிவப்பு. ஓரத்தில் 97.6 என்று கொட்டை எழுத்து. நூறு தொட்ட லைனுக்கு மட்டன் பிரியாணி என்று அடிக்குறிப்பு.

காலை உறுதிமொழியும் மாறியது. வழக்கமாகப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்வார்கள். இப்போது வலது கையை நீட்டி, "நான் உரிமையாளன். உரிமையாளனாக எண்ணுவேன். ஆபரேட்டராக உழைப்பேன்" என்று சொல்ல வேண்டும். இசக்கிபாண்டி இன்னும் உரிமையாளன் ஆகாததால் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு வாயை மூடிக்கொண்டு மூன்றாவதை மட்டும் சொல்லலாம் என்று சலுகை கொடுத்தார்கள்.

முதல் வாரம் லைன்காரர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முதல் லைனுக்குப் பிரியாணி வந்து, அதன் வாசனை நான்காவது லைன் வழியாகப் போன பிறகு பரிதாபம் குறைந்தது. எலும்பைப் பற்றி மட்டும் பேசினார்கள். அவன் காதில் விழும்படி பேசினார்கள்.

லைன் இன்சார்ஜ் பிரசன்னா வந்தார். வயது இருபத்தாறு, அடுத்த மாதம் அசிஸ்டன்ட் மேனேஜர் ஆக வேண்டியவர்.

"பாண்டி, நான் உங்கள ஃபோர்ஸ் பண்ணல. அத க்ளியரா சொல்லிடறேன். என்னத்தான் ஃபோர்ஸ் பண்றாங்க. நீங்க உங்க சொந்த விருப்பத்துல சேரலன்னா என் பேர்ல என்.சி. வரும்."

என்.சி. என்றால் கம்பெனியில் தரக்குறைவு என்று பொருள். சத்தம் சரியில்லாத ஹாரனுக்கு என்.சி. என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டித் தனியே வைப்பார்கள்.

"சார், ஊர்லேர்ந்து வீட்ல வாராங்க. வாடகைக்கு அந்தத் துட்டு வேணும். எழுதிக் கொடுக்கச் சொன்னா எழுதிக் கொடுத்துருதேன்."

"அதெல்லாம் பர்சனல் பாண்டி. போர்டுல பர்சனலுக்குக் கலர் இல்ல. பச்சை இருக்கு, சிவப்பு இருக்கு."

இருபதாம் தேதி என்.சி. பதிவாயிற்று. தரக்குறைவு யாரிடம் இருக்கிறதோ அங்கே அட்டை கட்ட வேண்டும் என்பது நடைமுறை. இசக்கிபாண்டியின் நாற்காலியில் கட்டினார்கள். சிவப்பு அட்டை கட்டிய எதையும் கையெழுத்தில்லாமல் இடம் மாற்றக் கூடாது என்பதும் நடைமுறை. எனவே அவன் பாத்ரூம் போக பிரசன்னாவின் கையெழுத்து தேவைப்பட்டது. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. பிரசன்னா நல்ல மனிதர். காலையிலேயே நாலு தாளில் போட்டு வைத்துவிடுவார். மீட்டிங் இருக்கும் நாட்களில் மறந்துவிடுவார்.

என்.சி. வந்தால் அடுத்தது ஒய்-ஒய். ஒரு குறை கிடைத்தால் "ஏன்?" என்று ஐந்து முறை கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில் வேர் கையோடு வந்துவிடும், வேரை நீக்கினால் குறை தீர்ந்துவிடும். உலகம் முழுக்க ஆலைகளில் இந்த முறை உண்டு. வெஸ்ட்ரோவாவில் அதைச் செம்மைப்படுத்தியிருந்தார்கள். இங்கே என்ன குறை வந்தாலும், எங்கே தொடங்கினாலும், ஐந்தாவது பதில் ஒன்றே ஒன்றுதான்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி இருநூறு ஹாரன் நனைந்தது. ஏன் நனைந்தது, ஏன் ஒழுகியது என்று போய், ஐந்தாவது ஏனில், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஆபரேட்டர் கவனமில்லாமல் ஹாரன் தட்டை வைத்திருந்தார் என்று கண்டுபிடித்தார்கள். அவருக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். கூரை இன்னும் ஒழுகுகிறது. ஆனால் ஆபரேட்டர்கள் வெகுவாகத் திருந்திவிட்டார்கள்.

இருபத்தாறாம் தேதி மதியம் இசக்கிபாண்டியை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். குளிர் பற்களில் இறங்கும் ஏ.சி. மேசையில் பிஸ்கட். அன்று காலை பிரசன்னா மறந்துவிட்ட நாள். இசக்கிபாண்டி ஆறு மணியிலிருந்து பாத்ரூம் போகவில்லை.

சந்திரலேகா முறுவலித்தார். "பயப்படாதீங்க பாண்டி. இது விசாரணை இல்ல. உங்களப் புரிஞ்சிக்கிற முயற்சி. பிஸ்கட் எடுத்துக்கங்க. பிரசன்னா, எழுதுங்க. குறை: ஊழியர் எண் 4417 பங்குத் திட்டத்தில் சேரவில்லை. ஏன்?"

"மாசம் மூவாயிரம் கொடுக்க முடியாது மேடம்."

"குட். ரெண்டாவது. ஏன் முடியாது?"

"சம்பளம் பத்தல மேடம்."

பிரசன்னாவின் பேனா நின்றது. சந்திரலேகா அதே முறுவலோடு தலையாட்டினார்.

"அது வெளிக்காரணம். நம்ம கட்டுப்பாட்டுல இருக்கறத மட்டும்தான் எழுதணும்."

"சம்பளம் உங்க கட்டுப்பாட்டுலதான மேடம் இருக்கு?"

"ஆனா இது உங்க ஃபாரம், இல்லையா? உங்க கட்டுப்பாட்டுல என்ன இருக்கு? யோசிங்க. டைம் எடுத்துக்கங்க."

டைம் எடுக்கும் நிலையில் அவன் இல்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டான். "அந்தத் துட்டு வேற செலவுக்கு வேணும் மேடம்."

"பாத்தீங்களா, வருது! மூணாவது. என்ன செலவு, ஏன்?"

"வீட்டு வாடகை."

"நாலு. ஏன் வீடு?"

"இப்ப கட்டில்ல கெடக்கேன். மேல்தட்டு. அதுல குடும்பம் நடத்த முடியாதுல்லா மேடம்."

பிரசன்னா அதை ஆங்கிலத்தில் எழுதச் சற்றே திணறினார்.

"அஞ்சாவது" என்றார் சந்திரலேகா, குரலைத் தாழ்த்தி. "ஏன் குடும்பம் நடத்தணும்?"

இசக்கிபாண்டி அவரை நிமிர்ந்து பார்த்தான். கேள்வி உண்மையானதுதானா என்று சந்தேகம். உண்மையானதாகத்தான் தெரிந்தது.

"பொண்டாட்டியும் பிள்ளையும் வாராங்க மேடம்."

சந்திரலேகா கண்ணை மூடித் திறந்தார். கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"கெடச்சிருச்சு" என்றார். "பிரசன்னா, இது ஆபரேட்டரின் கவனக்குறைவு இல்ல. கவனிச்சீங்களா? இந்த ப்ளான்ட்ல முதல் தடவையா ஒரு புது மூலகாரணம்!"

பிரசன்னா கை தட்டினார். ஒருவர் தட்டும்போது இன்னொருவர் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்பதால் இசக்கிபாண்டியும் லேசாகத் தட்டினான். மனசு லேசாகிவிட்டது. கடைசியில் புரிந்துகொண்டார்கள். ஒரு மனுஷன் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொன்னால் கேட்பதற்கு இத்தனை பெரிய கம்பெனியில் ஒரு அறை இருக்கத்தான் செய்கிறது.

தாளின் அடியில் 'நடவடிக்கை', 'பொறுப்பு', 'கெடு' என்று மூன்று கட்டங்கள். பிரசன்னா ஆங்கிலத்தில் மளமளவென்று நிரப்பினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா என்.சி. க்ளோஸ். அட்டையக் கழட்டிடலாம், பாண்டி. ஃப்ரீயா எழுந்து போகலாம்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான்காவது லைனில் மணிக்கு ஒரு முறை செக் ஷீட்டைப் படித்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஷிஃப்ட் முடியும்போது வரிசையாகப் போட்டுவிடுவது வழக்கம். லைனை நிறுத்தாமல் மணிக்கு மணி படித்துச் சரிபார்க்க முடியாது, லைனை நிறுத்தவும் முடியாது. இது பிரசன்னாவுக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும், குளிர் நாட்டுத் தலைவருக்குத் தெரியாமலிருக்கலாம். ஆறு வருடத்தில் இசக்கிபாண்டியின் கை, தாளின் வலது கீழ் மூலையைக் கண்டால் தானாக நகரக் கற்றிருந்தது. மேலே என்ன இருக்கிறது என்று கண் பார்ப்பதற்குள் அது வேலையை முடித்துவிடும்.

முடித்தது. அவன் பாத்ரூமுக்கு ஓடினான்.

அன்று சாயங்காலம் சுகப்பிரியாவுக்குப் போன் போட்டான். "எல்லாம் பேசி முடிச்சாச்சி. நீ பாத்திரத்தக் கட்டு. குக்கர் மட்டும் இங்க வாங்கிக்கிடலாம்."

முப்பத்தொன்றாம் தேதி சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி வந்தது. அதில் மூவாயிரம் குறைந்திருந்தது. பின்னாலேயே இன்னொரு செய்தி வந்தது: 'வாழ்த்துகள், உரிமையாளரே!'

ஒன்றாம் தேதி காலை சந்திரலேகாவின் மேசைக்கு முன்னால் நின்றான்.

"நான் வேண்டாம்னுதான மேடம் சொன்னேன்?"

"சொன்னீங்க. நாங்க மதிச்சோம். ஏன் வேண்டாம்னு அஞ்சு தடவ கேட்டோம். யார் இப்படிக் கேப்பாங்க சொல்லுங்க? நீங்க சேராததுக்கு ஒரே ஒரு மூலகாரணம். அதை நீக்கிட்டோம். காரணம் போயிட்டா மறுப்பும் போயிடுதுல்ல? சிஸ்டமே உங்களச் சேத்துக்கிச்சு. நாங்க கைய வைக்கல."

"காரணத்த நீக்கிட்டீங்களா? எப்ப மேடம்?"

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். நடவடிக்கை: மனைவி, குழந்தை வருகையை நீக்குதல். பொறுப்பு: இசக்கிபாண்டி. கெடு: 31. அதன் கீழே, வலது மூலையில், அவனுடைய அழகான கையெழுத்து.

"டிக்கெட் எடுத்தாச்சு மேடம். நாளைக்குக் காலைல வாராங்க."

சந்திரலேகாவின் முகத்தில் முதல் முறையாக உண்மையான கலக்கம் தெரிந்தது. "பாண்டி, அப்படிப் பண்ணிடாதீங்க. நீக்கின மூலகாரணம் திரும்ப வந்தா அது மறுநிகழ்வு. லைன் மொத்தத்துக்கும் மூணு ஞாயிறு மறுபயிற்சி. நாப்பது பேர் குடும்பத்த நெனச்சுப் பாருங்க."

"அப்ப திட்டத்துலேர்ந்து வெலகிக்கிடுதேன் மேடம்."

"தாராளமா. விலகற வசதி வருஷத்துக்கு மூணு நாள் திறந்திருக்கு. போன மாசம் இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது."

"அப்ப நான் சேரவே இல்லையே."

"அதான பாக்கறேன்" என்றார் சந்திரலேகா. "சேராதவங்க எதுக்கு விலகணும்?"

லைனுக்கு வந்தான். செய்தி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. பலகையில் நூறு சதவீதம். மூன்று ஞாயிறு பற்றியும் கேள்விப்பட்டிருந்தார்கள். திருமலை பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான்.

"மச்சான், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத" என்றான். "ஞாயித்துக்கெயம என் பொண்ணுக்குக் காது குத்து. ஒரு ரெண்டு மாசம் தள்ளித்தான் போடேன்."

வேலையை விட்டுவிடலாமா என்று அன்று ஷிஃப்ட் முழுக்க, தொள்ளாயிரம் ஹாரனுக்கு நடுவே யோசித்தான். விட்டால் பக்கத்துக் கம்பெனியில் மறுபடி டிரெய்னி, பாதிச் சம்பளம், மூன்று வருடம். அந்தச் சம்பளத்துக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு கூடக் கிடைக்காது.

சாயங்காலம் ஞானம்மா வீட்டுக்குப் போனபோது மினி லாரியிலிருந்து இரும்புக் கட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானம் வரைக்கும் பாத்தேன் தம்பி" என்றார் ஞானம்மா. சாவியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நின்றார். "நீ வர்ல. நான் இன்னா பண்றது? உனுக்கு வேணும்னா ஒண்ணு சொல்லவா? ஒரு மேல்தட்டு காலி கீது."

இரண்டாம் தேதி காலையில் ரயில் வந்தது. அதில் அவர்கள் வரவில்லை.

அந்த மாத நடுவில் ஆலைக் கூட்டம். நான்காவது லைனுக்குப் பிரியாணி வந்துவிட்டிருந்தது. இசக்கிபாண்டியும் சாப்பிட்டான், அவனுக்கு எலும்புத் துண்டு இரண்டு வைத்தார்கள். திரையில் 'சிறந்த மூலகாரணம்' என்று தலைப்பு வந்தது. கீழே 'முன்', 'பின்' என்று இரண்டு கட்டம். 'முன்' கட்டத்தில் சுகப்பிரியாவும் பிரவீனாவும் இருந்தார்கள். குடும்ப இன்சூரன்ஸ் ஃபாரத்துக்கு அவன் கொடுத்த படம். 'பின்' கட்டத்தில் அதே அளவில் வெள்ளைக் காகிதம்.

"ஒரு சாதாரண ஆபரேட்டர் கண்டுபிடிச்சது இது" என்று சந்திரலேகா தழுதழுத்தார். "எல்லா லைன்லயும் தேடினோம். இதே மூலகாரணம் இன்னும் பத்தொன்பது பேர்கிட்ட இருக்கு. பதினாறு இடத்துல நீக்கியாச்சு. மூணு பேர் டைம் கேட்டிருக்காங்க. ஒரு கேஸ்ல குடும்பம் வந்து சேர்ந்தே ஏழு வருஷம் ஆயிடுச்சாம், அதனால கொஞ்சம் கஷ்டமா இருக்கு. செஞ்சிடலாம்."

மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுத்தார்கள். டபுள் காட் பெட்ஷீட், இரண்டு தலையணை உறையோடு.

அதன் பிறகு மாதம் ஒரு முறை ஆடிட்டர் வருகிறார். கிளிப்போர்டில் அவன் பெயரைத் தேடி, "மனைவி வந்தாங்களா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் டிக் அடிக்கிறார். "குழந்தை?" இல்லை. இன்னொரு டிக். "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிரசன்னா அசிஸ்டன்ட் மேனேஜர் ஆகிவிட்டார். பாத்ரூமுக்கு இப்போது யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

போன வாரம் ஒருநாள், முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு, மேல்தட்டில் படுத்திருந்தபோது சுகப்பிரியாவின் வீடியோ கால் வந்தது. பெட்ஷீட்டை நாலாக மடித்தும் இரண்டு பக்கமும் தொங்கியது. பிரவீனா முதலில் போனை முகர்ந்து பார்த்தாள். பிறகு சுகப்பிரியா வாங்கிக்கொண்டாள். கட்டிய பாத்திர மூட்டை அவளுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

"கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள். "மனசு கேக்கல. எங்கள ஏன் வர வேண்டாம்னீங்க?"

"வீடு கைய விட்டுப் போயிட்டுல்லா."

"ஏன் போச்சு?"

"வாடகைக்குத் துட்டு கொறஞ்சிட்டு."

"ஏன் கொறஞ்சிது? சம்பளம் வந்துச்சுல்லா?"

"பங்குக்குன்னு பிடிச்சிட்டாங்க."

"நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களே. பெறவு ஏன் பிடிச்சாங்க?"

"கையெழுத்துப் போட்டுட்டேன், சுகா."

"ஏன் போட்டீங்க?"

அவன் வாயைத் திறந்தான். சிவப்பு அட்டை இருந்தது. பிஸ்கட் இருந்தது. பிரியாணி வாசனை, காலை ஆறு மணியிலிருந்து அடக்கியது, தாளின் வலது மூலை, வேர்க்கடலை போட்ட நிலத்தின் மேல் நிற்கும் அந்தக் கூண்டு, எல்லாம் இருந்தன. எதில் தொடங்கினாலும் நீளமாகப் போகும். மேலும் இது ஐந்தாவது. ஐந்தாவதுக்கு என்ன பதில் என்று கம்பெனி அவனுக்கு ஆறு வருடம் சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தது.

"ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்றான்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. என் கவனக்குறைவுதான்."

சுகப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆறாவதாக ஏதோ கேட்க வந்ததுபோல் இருந்தது. ஆறாவதுக்கு ஃபாரத்தில் இடமில்லை என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, கேட்கவில்லை. போனைப் பிரவீனாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். பாத்திர மூட்டையை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

பிரவீனா கொஞ்ச நேரம் திரையைத் தடவினாள். பிறகு சுவரோரம் கொண்டுபோய் வயரைச் செருகி, அவனை மல்லாக்க வைத்தாள். இசக்கிபாண்டிக்கு மேலே ஓட்டுக்கூரை தெரிந்தது. அங்கேயும் ஓரிடத்தில் ஒழுகிய தடம் இருந்தது.

"சத்தம் போடாதம்மா" என்று குழந்தை அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னது கேட்டது. "அப்பா சாப்புடுது."